பம்பு போட்டால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போகும் உதவிப் பணம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். முப்பது வருடம் அடிபம்பு பழுது பார்த்தவன் நான்.

யுனிசெஃப் உதவியோடு எழுபதுகளில் உருவாகி, நம் கோவைப் பக்கத்துக் கிராமங்களிலும் சோதித்துப் பார்த்த இந்தியா மார்க் 2 பம்பு உகாண்டா வரை போயிருக்கிறது. அது எங்கே கெடும் என்று எனக்குத் தெரியும். உள்ளே தண்ணீரை மேலே தூக்கும் பிஸ்டனில் இருக்கும் தோல் வாசர்! வெளியே எடுத்தால் பழைய துணி மாதிரி மடங்கும். அதை மாற்ற மொத்தக் குழாயையும் கழற்றித் தூக்க வேண்டும். நாலு ஆள், ஒரு பகல் வேலை. அப்புறம் வந்த மார்க் 3-இல் குழாயைத் தூக்காமலே பிஸ்டனை உருவலாம். உகாண்டாவில் சில இடங்களில் நிலத்தடி நீரில் அமிலத்தன்மை அதிகம். இரும்புக் குழாய் துருப்பிடித்து, தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும்.

சகாராவுக்குத் தெற்கே ஏறக்குறைய நாலில் ஒரு பம்பு ஓடுவதில்லை என்கின்றன ஆய்வுகள். படிக்கவே வயிறு எரிகிறது. மழை பொய்த்த ஊரில் பம்பும் நின்றுவிட்டால் அந்தப் பெண்கள் குடத்தோடு எங்கே போவார்கள்? உதவி செய்பவர்கள் பம்புக்குப் பணம் கொடுக்கும்போதே பத்து வருடத்துக்கான வாசர், குழாய், மெக்கானிக் கூலியையும் சேர்த்துக் கொடுக்கட்டும்.

– ஓய்வுபெற்ற பம்பு மெக்கானிக், அன்னூர்