தலைவர் இல்லாத ஊரிலிருந்து ஒரு மடல்

எல்லாக் கட்சிச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எங்கள் ஊர் ஓவர்ஹெட் டேங்க் மோட்டார் காயில் கருகி ஒன்பது நாள் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஊராட்சித் தலைவர் இருந்த காலத்தில் மறுநாளே காயில் கட்டக் கொடுத்துவிடுவார். கைக்காசைப் போட்டு, பிறகு பில்லில் ஐந்நூறு கூட்டி எழுதிக்கொள்வார். அதுவும் ஊருக்கே தெரியும். ஆனாலும் காலையில் அவர் எங்கள் டீக்கடையைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

இப்போது ஊராட்சிச் செயலரைக் கேட்டால், "பி.டி.ஓ. கையெழுத்து வரணும்ணே" என்கிறார். பி.டி.ஓ. என்கிற வட்டார வளர்ச்சி அலுவலர்தான், தேர்தல் நடக்காததால் தலைவர் இடத்தில் அரசு உட்கார வைத்த தனி அலுவலர். தமிழ்நாட்டில் ஊராட்சிகள் சுமார் 12,500, ஒன்றியங்கள் 388. கணக்குப் போட்டால் ஒருவர் தலையில் முப்பது ஊருக்கு மேல். அவருடைய மாறுதலும் பதவி உயர்வும் எங்கள் ஓட்டில் இல்லை; மேலே கேட்கும் அறிக்கை தயாராக இருந்தால் அவருக்குப் போதும்.

27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தது. முடியும் நாள் ஐந்தாண்டுக்கு முன்பே தெரிந்ததுதானே? அதற்குள் தேர்தலை முடிக்கச் சொல்கிறது அரசமைப்பின் 243E பிரிவு. வார்டு எல்லைகளைத் திருத்தும் மறுவரையறையைச் சாக்குச் சொல்லக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2006இலேயே சொல்லிவிட்டது.

2016இலும் இதே கூத்துதான். ஒரு தரப்பு அவசரமாகத் தேர்தல் அறிவித்தது. பழங்குடியினர் இடஒதுக்கீடு சரியில்லை என்று மறுதரப்பு நீதிமன்றம் போனது. அறிவிக்கை ரத்தானது. பெரும்பாலான கிராமங்கள் 2019 டிசம்பர் வரையும், நகரங்கள் 2022 பிப்ரவரி வரையும் காத்திருந்தன. நடுவில் மத்திய நிதி ஆணைய மானியமும் நின்றது.

மற்றதற்கெல்லாம் மைக்கைப் பிடுங்கிக்கொள்ளும் நீங்கள் இதில் மட்டும் ஏன் ஒற்றுமையாக இருக்கிறீர்கள்? நன்றாக வளரும் ஒன்றியத் தலைவர் நாளைக்கு உங்கள் சீட்டைக் கேட்பார். ஒருவருக்கு வாய்ப்புக் கொடுத்தால் சொந்தக் கட்சியிலேயே ஒன்பது பேர் முறைத்துக்கொள்வார்கள். தனி அலுவலர் இருந்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. ஒரு போன் போதும், வேலை யாருக்கு என்று முடிவாகிவிடும். ஆட்சியில் இருப்பவருக்கு இன்றைய வசதி, எதிரில் இருப்பவருக்கு நாளைய வசதி. சட்டமன்றத் தேர்தலை ஒரு மாதம் தள்ளிவைத்தால் சும்மா இருப்பீர்களா?

மோட்டாரை வீட்டுக்கு நூறு ரூபாய் வசூலித்து நாங்களே சரிசெய்தோம். உங்களிடம் அந்தப் பணத்தைக் கேட்கவில்லை. உங்கள் தொகுதி ஊராட்சிகளுக்குத் தேர்தல் எந்தத் தேதியில் என்று அவையில் எழுந்து கேளுங்கள். யார் யார் கேட்டீர்கள் என்று டீக்கடைப் பலகையில் எழுதிப்போட இடம் ஒதுக்கிவைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு கிராம ஊராட்சி வாக்காளர்