புலமைப்பரிசில் பெறுபேறுகள் குறித்துப் பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும்,

தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்துவிட்டன. உங்கள் பிள்ளையின் புள்ளிகளை மூடிய உறையில் உங்களிடமே தந்திருக்கிறோம். அறிவித்தல் பலகையில் பெயர்ப் பட்டியல் போடப்பட மாட்டாது. சந்தியில் பிள்ளைகளின் படத்துடன் பதாகையும் கட்டப்பட மாட்டாது. பதாகைச் செலவை ஏற்க முன்வந்த பழைய மாணவர்களிடம் அந்தப் பணத்துக்குக் கதைப் புத்தகங்கள் வாங்கித் தரும்படி கேட்டிருக்கிறேன். அயல் பாடசாலைகளில் பதாகை தொங்கும்போது நம் பாடசாலையில் மட்டும் ஏன் இல்லை என்று சிலர் மனம் வருந்துவது எனக்குத் தெரியும். காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இந்தப் பரீட்சைக்கு இரண்டு வினாத்தாள்கள், மொத்தம் 200 புள்ளிகள். இலங்கை முழுவதும் ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்று இலட்சம் பிள்ளைகள் எழுதுகிறார்கள். 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் வெட்டுப்புள்ளியை, அதாவது தெரிவாவதற்கு வேண்டிய ஆகக் குறைந்த புள்ளியைத் தாண்டியவர்கள் ஐம்பதாயிரம் அளவில்தான். வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிமூலத்துக்கு மொழிமூலம் மாறும். ஒரே புள்ளியைப் பெற்ற இரண்டு பிள்ளைகளில் ஒருவர் இங்கே கோட்டுக்கு மேலேயும் மற்றவர் வேறொரு மாவட்டத்தில் கோட்டுக்குக் கீழேயும் நிற்கலாம். பிரபல பாடசாலைகளில் இருக்கிற இடங்களையும் உதவிப்பணத்தையும் பங்கிடுவதற்காகப் போடப்பட்ட கோடு அது. பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்பதை அது அளப்பதில்லை. பிரபல பாடசாலைக்கு இடம் கிடைக்காத பிள்ளையும் தைமாதம் தரம் ஆறுக்குத்தான் போகப்போகிறது.

பரீட்சையை நான் குறைத்துப் பேசவில்லை. கன்னங்கரா அவர்கள் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், இலவசக் கல்வியோடும் மத்திய கல்லூரிகளோடும் சேர்ந்து வந்த ஏற்பாடு இது. கிராமத்து ஏழைப் பிள்ளை பணமில்லாத காரணத்தால் நின்றுவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். மாதாந்த உதவிப்பணத்தை 750 ரூபாவிலிருந்து 1,500 ரூபாவாக உயர்த்தும்படி 2025 வரவு செலவுத் திட்டத்தில் முன்மொழியப்பட்டது. வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளை மனமாரப் பாராட்டுகிறேன். வருமானம் குறைந்த குடும்பத்தினர் கிராம அலுவலரிடம் வருமானச் சான்று பெறுவதைப் பிந்தவிட வேண்டாம். படிவம் நிரப்ப அலுவலகத்தில் உதவுவோம்.

என் கவலை உறையைத் திறந்து பார்த்துவிட்டு அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்த பெற்றோரைப் பற்றியது. 70 புள்ளியையும் எட்டாத பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களுக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். கடைசியாக நடத்திய மாதிரிப் பரீட்சையில் ஒரு கணக்கு வந்தது. 840 கிலோகிராம் நெல்லை மூடைக்கு 70 கிலோகிராம் வீதம் கட்டினால் எத்தனை மூடைகள் வரும் என்பது கேள்வி. வவுனிக்குளத்து வாய்க்கால் பக்கத்திலிருந்து வரும் ஒரு பையன் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தான். வகுப்பாசிரியை அவனை மேசைக்கு அழைத்துக் கேள்வியை வாசித்துக் காட்டினார். வாசித்து முடிக்கும் முன்பே “பன்னிரண்டு” என்றான். பிறகு, “தூற்றாத நெல் என்றால் பன்னிரண்டு வராது ரீச்சர், பதர் போய்விடும்” என்றும் சொன்னான். பிரித்தல் தெரிந்த, நெல்லின் கணக்கும் தெரிந்த பிள்ளை அவன். “கிலோகிராம் வீதம்” என்ற இடத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்க முடியாமல் நின்றுவிட்டான்.

இது தரம் ஐந்தில் தொடங்கிய குறை அல்ல. தரம் இரண்டிலும் மூன்றிலும் வாசிப்புப் பிடிபடாத பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பில் எத்தனை மாதிரி வினாத்தாள் கொடுத்தாலும் பயன் இல்லை. கேள்வியே அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேருவதில்லை. ஆகவே அடுத்த தவணையிலிருந்து தரம் இரண்டுக்கும் மூன்றுக்கும் நாளின் முதற்பாடம் வாசிப்புத்தான். அந்த நேரத்தில் வேறு எதுவும் நடக்காது. நானும் ஒரு குழுவை எடுப்பேன்.

இருட்டும்வரை நடந்த தரம் ஐந்துப் பின்னேர வகுப்பை நிறுத்துகிறோம். பரீட்சைப் பயிற்சி பாடசாலை நேரத்துக்குள் நடக்கும். யானை கடக்கும் வீதியில் பத்து வயதுப் பிள்ளை மாலை ஆறரைக்குச் சைக்கிளில் வீடு திரும்புவதை இனி என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. விடிய நான்கு மணிக்கு எழுப்பி, பள்ளி முடிந்ததும் தனியார் வகுப்புக்கு ஏற்றி, இரவும் வினாத்தாள் செய்விக்கும் வீடுகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் இரண்டாம் பாடத்திலேயே மேசையில் தலைவைத்துத் தூங்குகிறார்கள். பரீட்சைக்கு முந்திய நாட்களில் வகுப்புகளும் கருத்தரங்குகளும் நடத்தப் பரீட்சைத் திணைக்களமே ஆண்டுதோறும் தடை விதிக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

பெறுபேறு வந்த அன்று சில பிள்ளைகள் வீட்டில் அடி வாங்கியிருக்கிறார்கள். மறுநாள் தழும்பை மறைக்கக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்ற பிள்ளையைக் கண்டேன். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அடித்த வீட்டுக்கு நானே வந்து பேசுவேன்.

உங்களிடம் கேட்பது இரண்டு. அறுவடைக் காலத்தில் தம்பி தங்கையைப் பார்க்கவென்று மூத்த பிள்ளையை வீட்டில் மறிக்காதீர்கள். நம் வரவுப் பதிவேட்டில் ஓட்டை விழுவது அந்த வாரங்களில்தான். மற்றது, தினமும் சிறிது நேரம் பிள்ளை உரத்து வாசிக்க நீங்கள் அருகில் இருந்து கேளுங்கள். பாடநூல்தான் வேண்டும் என்றில்லை. பத்திரிகைத் துண்டும் போதும், உரப்பையில் அச்சிட்டிருப்பதும் போதும். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து படிப்பு முறிந்துபோன பெற்றோர் நம்மில் பலர். “எனக்கே வாசிக்கத் தெரியாது, பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுப்பது” என்று ஒரு தாய் கண்கலங்கக் கேட்டார். அம்மா, நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம். பிள்ளை வாசித்து முடித்ததும் “கதையில் என்ன நடந்தது?” என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை சொல்லட்டும், சொல்ல முடியாவிட்டால் இன்னொரு முறை வாசிக்கட்டும்.

வருகிற வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குத் தரம் ஒன்று முதல் மூன்று வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோர் அனைவரும் பிரதான மண்டபத்துக்கு வரவும். வேலைக்குப் போகிறவர்கள் பாட்டனையோ பாட்டியையோ அனுப்பலாம். பழைய மாணவர்கள் வாங்கித் தரும் புத்தகங்கள் அன்று வந்து சேரும். ஒவ்வொரு பிள்ளையும் ஒன்றைத் தெரிந்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம். பின்னேர வகுப்பை நிறுத்துவதில் உடன்பாடு இல்லாதவர்களும் வந்து பேச வேண்டும்.

இப்படிக்கு,
அதிபர்