விடியலில் எனக்காகப் படித்த தங்கைக்கு

அன்புள்ள நண்பர்களுக்கும் உறவுகளுக்கும் என் பழைய மாணவர்களுக்கும் வணக்கம்.

கண்ணைப் பற்றி இந்த மடலில் ஒன்றும் எழுதப் போவதில்லை. உங்களுக்கு எல்லாம் தெரியும். கட்டு அவிழ்த்தாகிவிட்டது, பெரிய எழுத்து தெரிகிறது. கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கி இதை நானே தட்டுகிறேன். எத்தனை நாள் ஆனாலும் நானே தட்டுவது என்று முடிவெடுத்திருந்தேன்.

ஒவ்வோர் ஆண்டும் இந்த நேரத்தில், அந்த ஆண்டில் படித்தவற்றில் பிடித்த புத்தகங்களைப் பற்றி உங்களுக்கு எழுதுவது வழக்கம். இந்த ஆண்டும் எழுதுகிறேன். இதில் வரும் புத்தகங்கள் எல்லாம் இன்னொருவர் படிக்க நான் கேட்டவை. அதனால் புத்தகங்களையும் அவரையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

முதலில் எல்லாருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. வார்டில் இரவெல்லாம் வந்து வந்து பார்த்த மிஸிகளுக்கு, அதாவது தாதியருக்கு. கிளினிக்குக்குக் காரில் ஏற்றிப்போய், என் முறை வரும்வரை வேலைக்கு விடுப்புப் போட்டுக் காத்திருந்த மாணவர்களுக்கு. கேட்காமலே என் குப்பைப் பையைத் தினமும் கீழே கொண்டுபோய்ப் போட்ட பக்கத்து வீட்டுச் சீன அங்கிளுக்கு. தண்ணீர்மலை முருகனுக்கு எனக்காகப் பால்குடம் நேர்ந்துகொண்ட தோழிக்கு. பணம் அனுப்பிவிட்டுப் பெயர் சொல்லாமல் இருந்துவிட்டவர்களுக்கு. உங்களில் ஒருவரையும் நான் மறக்கவில்லை. நேரில் வந்து சொல்லவேண்டியதை நேரில் வந்து சொல்கிறேன்.

இனி தங்கையைப் பற்றி.

பினாங்கில் எங்கள் அடுக்குமாடியின் கீழே, சாலையோரத்து ஒட்டுக்கடையில் காலையில் நாசி லெமாக்கும் புட்டும் விற்கிறவர். "பேரெல்லாம் போடாதீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டார், அதனால் தங்கை என்றே எழுதுகிறேன். பக்கத்துக் கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து, மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்டவர். நான் வீட்டோடு முடங்கிய பிறகு சாப்பாடு கட்டிக்கொண்டு மேலே வருவார். ஒருநாள் வாசலோரம் கட்டி வைத்திருந்த புத்தகங்களைப் பார்த்து, எங்கே போகிறது என்று கேட்டார். பழைய பேப்பர்காரருக்கு என்றேன். எதுவும் பேசவில்லை. மேலே இருந்த ஒன்றை உருவிக் கையோடு கொண்டுபோய்விட்டார்.

மறுநாள் விடியுமுன்னே கைப்பேசி அடித்தது. குரல் பதிவு. "டீச்சர், அரிசி வேகுது, சும்மாதான் நிக்கிறேன். படிக்கிறேன், கேளுங்க." அவ்வளவுதான் முன்னுரை. அன்று தொடங்கியது ஆண்டு முழுவதும் நிற்கவில்லை.

மூன்று மணிக்கு எழுந்து தேங்காய்ப்பாலில் சோற்றை வைத்துவிட்டு, அது வேகிற நேரத்திலும் பிறகு வாழையிலையில் மடிக்கிற நேரத்திலும் படிப்பார். கேஸ் அடுப்பின் இரைச்சலும் நெத்திலி பொரியும் சத்தமும் பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கும். பள்ளிவாசலில் விடியல் தொழுகைக்கான சுபுஹு பாங்கு சொல்லத் தொடங்கியதும், வாக்கியம் பாதியில் இருந்தாலும் நிறுத்திவிடுவார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகள் அந்த நேரத்துக்குத்தான் கடைக்கு வருவார்கள். மிச்சம் மறுநாள். எத்தனையோ நல்ல நாவல்களை நான் இப்படி, ஒரு வினைமுற்றுக்காக ஒரு நாள் முழுக்கக் காத்திருந்து கேட்டேன். அந்தக் காத்திருப்பு என்னை அந்த மாதங்களில் உயிரோடு வைத்திருந்தது என்று எழுதினால் மிகையாகத் தோன்றும். ஆனால் அப்படித்தான் இருந்தது.

அவர் அன்று உருவிக்கொண்டு போனது ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்'. சௌராஸ்டா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடையொன்றில் எப்போதோ வாங்கியது. சிங்காரம் என்றால் எல்லாரும் 1972இல் வந்த 'புயலிலே ஒரு தோணி'யைத்தான் சொல்வார்கள். நானும் அப்படிச் சொல்லி வந்தவள்தான், அதன் பெருமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் காதால் கேட்பதற்கு 1959இல் வந்த இந்தச் சின்ன நாவல் ஒரு படி மேல். வட்டிக்கடையில் வேலை பார்த்த செல்லையா நேதாஜியின் படையில் சேர்கிறான். போர் முடிந்து வந்து நிற்பவனை முதலாளிக்குப் பிடிக்கவில்லை. மகள் மரகதத்தை அவனுக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறார். துப்பாக்கி பிடித்த கை இனிப் பெட்டியடியில் உட்காராது என்று கணக்குப் போடும் மனிதர். தங்கைக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பதிவை நிறுத்தாமலே திட்டுவார், பிறகு கதைக்குத் திரும்புவார். எழுதியவர் பினாங்குக்காரரா என்று கேட்டார். சிங்கம்புணரியில் பிறந்து, பிழைப்புக்காக இந்தோனேசியாவின் மேடானுக்கு வந்து, போருக்குப் பின் மதுரைக்குத் திரும்பி, பத்திரிகையில் வேலை பார்த்தவர், மொத்தம் இரண்டே நாவல்கள் என்றேன். "ரெண்டுதானா" என்றவர், "அந்தத் தோணிக் கதையையும் எடுத்து வைங்க" என்றார்.

தோணியைப் பிறகு படித்தார். பாண்டியனும் நண்பர்களும் தமிழ் இலக்கியத்தையே தலைகீழாக்கிப் பேசும் இடங்கள் அவருக்குப் பிடிபடவில்லை. எனக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு படித்து முடித்தார். மலாக்கா நீரிணையில் தொங்கான் என்ற பாய்மரக் கப்பல் புயலில் சிக்கும் பகுதி வந்தபோது குரலே மாறிவிட்டது. அன்று பாங்கு சொல்லியும் நிறுத்தவில்லை.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' சீக்கிரம் முடிந்துவிட்டது. குழாயில் நீர் வராத சென்னைத் தெருவில் வாழும் ஜமுனாவின் கதை. தண்ணீர் நிற்கும் அறிவிப்பு வந்தாலே வாளிகளை வரிசையாக நிரப்பி வைக்கும் பினாங்குக்காரர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. ஜமுனாவுக்குத் தைரியம் சொல்லும் டீச்சரம்மாவின் பகுதியை மட்டும் தங்கை எனக்கு இரண்டு தடவை அனுப்பினார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ரெ. கார்த்திகேசுவின் 'அந்திம கால'த்தை எடுத்ததும் இரண்டு பக்கத்தில் நிறுத்திவிட்டார். நோய் தன்னைக் கொண்டுபோகப் போகிறது என்று தெரிந்துகொண்ட ஒரு முதியவரின் கதை அது. "இது இப்ப வேணாம் டீச்சர்." வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ரெ.கா. நம் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர், 2016இல் மறைந்தார். மரணத்தை அலங்காரமில்லாமல் எழுதியவர். நோயாளிக்குச் சிரிப்புக் கதைதான் சொல்லவேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். என் பயத்தை எனக்கு முன்னால் ஒருவர் எழுதி வைத்திருந்ததைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது.

இந்த ஆண்டின் ஆகச் சிறந்த வாசிப்பு கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. 1976இல் வந்தது. நான் வகுப்பில் பகுதி பகுதியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், எனக்கு அது தெரியும் என்று நினைத்திருந்தேன். சென்னாதேவியைக் காப்பாற்ற ஊரைவிட்டு ஓடி வந்த குடும்பம், காட்டைத் தீயிட்டு அழித்து மண்ணைப் பண்படுத்தி ஒரு கிராமத்தை உண்டாக்குகிறது. மங்கத்தாயாரு அம்மாள் அந்தக் கதையைச் சொல்லச் சொல்ல, தங்கையின் நாக்கு அதுவரை இல்லாத வேகத்தில் ஓடியது. பேச்சுத் தமிழ் வந்தால் அவருக்குத் தடையே கிடையாது. காட்டை எரிக்கும் பகுதி முடிந்ததும் கொஞ்ச நேரம் அடுப்புச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னார்: "நம்ம ஆளுங்களும் இப்படித்தானே டீச்சர் காட்ட அழிச்சாங்க. இவங்களுக்கு ஊரு வந்துச்சு. நமக்கு லயம் வந்துச்சு."

நான் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டேன். லயம் என்றால் தோட்டம் கட்டிக்கொடுத்த வரிசை வீடு. அவர் பிறந்த தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. பால்மரம் வெட்டிய அவருடைய பெற்றோருக்கு அங்கே ஒரு வாசற்படிகூடச் சொந்தமில்லை. அந்த நாவலைப் பற்றி எத்தனை கட்டுரைகள் படித்திருப்பேன், எத்தனை கூட்டங்களில் பேசக் கேட்டிருப்பேன். நம் நாட்டில் இருந்துகொண்டு அந்த நாவலைப் படிக்கிற ஒருவர் கேட்டே ஆகவேண்டிய கேள்வியை, நாசி லெமாக் மடித்துக்கொண்டே அவர் கேட்டுவிட்டார்.

அதன் பிறகு சயாம் ரயில் பாதை நாவல்களைக் கேட்டார். அவராகவே கேட்டார். நம்மிடம் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' இருக்கிறது, அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இருக்கிறது, கோ. புண்ணியவானின் 'கையறு' இருக்கிறது. 'நினைவுச் சின்ன'த்தை எடுத்துக்கொடுத்தேன். சயாம் என்ற இன்றைய தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே, 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் ஜப்பானியர் முடித்த 415 கிலோமீட்டர் பாதை. அதற்காகத் தோட்டங்களிலிருந்து லோரிகளிலும் ரயில்களிலும் ஏற்றிச் செல்லப்பட்ட தமிழர்களில் ஆயிரமாயிரம் பேர் காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் அங்கேயே மண்ணாகிப் போனார்கள். வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர்களுக்கு இந்த நாவல்கள் இருக்கின்றன.

அந்தப் புத்தகத்தைப் படித்த வாரங்களில் தங்கை தன் கருத்து எதையும் சொல்லவில்லை. முடிந்த அன்று சாப்பாட்டோடு மேலே வந்து, என் கட்டிலோரத்தில் உட்கார்ந்து சொன்னார். அவருடைய பாட்டிக்கு முதல் புருஷன் ஒருவர் இருந்திருக்கிறார். சயாமுக்குப் போனவர். பாட்டி பிறகு வேறு கல்யாணம் செய்து, பிள்ளைகள் பெற்று, இருந்து, இறந்தும் போய்விட்டார். "அவரு பேரு என்னன்னு எங்க வீட்ல யாருக்கும் தெரியல டீச்சர். கேக்கத் தோணல. இந்தக் கதைல வர்ற ஆளுங்க எல்லாரையும் அவரா இருக்குமோன்னுதான் படிச்சேன்."

என்ன பதில் சொல்வது? அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சம்பல் வாசனையும் அடுப்புச் சூடும் உள்ள கை.

தங்கையே, இதைக் கடைப்பெண் யாராவது உனக்குப் படித்துக் காட்டுவாள், இல்லை நீயே படிப்பாய். கேள். பத்துக் காசு நீ வாங்கவில்லை. கேட்டால் "அரிசி வேகுறப்ப சும்மாதானே நிக்கிறேன்" என்றாய். அது சும்மா நிற்கும் நேரம் இல்லை என்று எனக்குத் தெரியும். காலையில் எழுந்து சமைப்பவர்களுக்கு உட்கார்ந்து கண்ணை மூடக் கிடைக்கிற நேரம் அது ஒன்றுதான். அதை எனக்குக் கொடுத்தாய். உன் ழகரத்தை நான் ஒருநாளும் திருத்தவில்லை, திருத்தவும் மாட்டேன். நீ படித்தபடியேதான் அந்த நாவல்கள் இனி என் மனத்தில் இருக்கும்.

மற்றவர்களுக்கு: டாக்டர் தினமும் கொஞ்ச நேரம் படிக்க அனுமதி கொடுத்திருக்கிறார். அந்தக் கொஞ்ச நேரத்தை வாய்விட்டுப் படிப்பதற்கே செலவிடுவேன் என்று உங்கள் எல்லாருக்கும் முன்னால் வாக்குக் கொடுக்கிறேன். என்னோடு கிளினிக்கில் காத்திருந்தவர்களில் பார்வை திரும்பாதவர்கள் இருக்கிறார்கள். தமிழ் தெரிந்த பாட்டிமார், வானொலி தவிர வேறு துணை இல்லாதவர்கள். அவர்களில் சிலருடைய எண்களை வாங்கி வைத்திருக்கிறேன். ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை'யிலிருந்து தொடங்கப் போகிறேன். வாசலில் கட்டி வைத்த புத்தகங்கள் மீண்டும் அலமாரிக்கு ஏறிவிட்டன.

கடைசியாக ஓர் உதவி. 'கோபல்ல கிராம'த்தின் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்', 1991இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது, என்னிடம் இல்லை. தங்கை அதைத்தான் அடுத்துக் கேட்கிறார். உங்களில் யாரிடமாவது இருந்தால் இரவல் கொடுங்கள். காலை ஏழு மணிக்குள் அவர் கடையிலேயே கொடுத்துவிடலாம். அதற்குப் பிறகு நாசி லெமாக் இருக்காது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
ஜெலுத்தோங், பினாங்கு