லெக்சிங்டன் கைதிகளையும் சொல்லுங்கள்: சைகடெலிக் ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பேவியூ வளாகத்திலும், அதையொட்டி வேறு பல நகரங்களிலும், சைகடெலிக் எனப்படும், உணர்வுநிலையை ஆழமாக மாற்றும் மருந்துகளான சைலோசைபினையும் எல்.எஸ்.டி.யையும் மீண்டும் மருத்துவ ஆய்வுக்குள் கொண்டுவந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் இம்மடலை எழுதுகிறேன். உங்கள் பணியை நிறுத்தச் சொல்வது என் நோக்கமன்று. சாவை எதிர்நோக்கியிருக்கும் புற்றுநோயாளிகளின் அச்சத்தையும், வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வையும் இப்பொருள்கள் தணிக்கக்கூடும் என்று நீங்கள் காட்டிவருவதை மதிப்போடு படித்துவருகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். இந்த மருந்துகளின் வரலாற்றைச் சொல்லும்போது, கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில் இருந்த கைதிகளையும் சொல்லுங்கள்.

அந்த வரலாறு பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் சொல்லப்படுகிறது. 1943 ஏப்ரல் 19 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், எல்.எஸ்.டி.யை உருவாக்கிய வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் 250 மைக்ரோகிராம் எல்.எஸ்.டி.யைத் தாமே உட்கொண்டு, மிதிவண்டியில் வீடு திரும்பினார். கனடாவின் சஸ்காச்சுவானில் மனநல மருத்துவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் குடிநோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். இம்மருந்துகளைப் பரப்பிய உளவியலாளர் டிமதி லியரியை ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1963இல் வெளியேற்றியது. 1967 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். 1970இல் அமெரிக்கச் சட்டம் இம்மருந்துகளைத் தடைசெய்து எல்லாவற்றையும் பூட்டியது. நீண்ட இடைவெளிக்குப் பின், ஹாப்கின்ஸின் ரோலண்ட் கிரிஃபித்ஸும் (இப்போது மறைந்துவிட்டார்) அவருடைய குழுவினரும் 2006இல் வெளியிட்ட சைலோசைபின் ஆய்வு கதவைத் திறந்தது. இவை எல்லாம் உண்மையே. ஆனால் இப்படிச் சொல்லும்போது, ஒழுங்காக நடந்துகொண்டிருந்த ஆய்வை ஹிப்பிகளின் கட்டற்ற போக்கு கெடுத்துவிட்டது என்ற எண்ணமே கேட்பவர் மனத்தில் தங்குகிறது. ஹிப்பிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஆய்வாளர்களின் கையில் நிகழ்ந்த கேடு, பேச்சில் இடம்பெறாமலே போய்விடுகிறது.

அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 1935இல் லெக்சிங்டனில் போதை அடிமைகளுக்கென ஒரு மருத்துவமனையைத் திறந்தது. தண்டனை பெற்ற கைதிகளும் அங்கே அடைக்கப்பட்டிருந்தனர். அதற்குள் இயங்கிய போதை அடிமைத்தன ஆய்வு மையத்தை 1950களில் நடத்தியவர் ஹாரிஸ் இஸ்பெல். அமெரிக்காவின் மத்திய உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. 1953இல் தொடங்கிய, மனத்தைக் கட்டுப்படுத்தும் வழிகளைத் தேடிய எம்.கே. அல்ட்ரா என்ற இரகசியத் திட்டத்தின் பணம் அவருக்கும் கிடைத்தது. ஒரு சோதனையில் அவர் கைதிகளுக்குத் தொடர்ந்து 77 நாட்கள் எல்.எஸ்.டி. கொடுத்தார். உடல் மருந்துக்குப் பழகி விளைவு குறைந்தபோது, அந்தப் பழக்கத்தை முறியடிக்க முடியுமா என்று பார்க்க அளவைப் பெருக்கினார். அவருடைய எல்.எஸ்.டி. சோதனைகளுக்கு உட்பட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்து ஆண்கள். மார்ஃபினுக்கும் ஹெராயினுக்கும் அடிமைப்பட்டிருந்ததால் அங்கே வந்து சேர்ந்தவர்கள். ஆவணங்களில் அவர்கள் தன்னார்வலர்கள் என்றே குறிக்கப்பட்டார்கள். சோதனைக்கு உட்பட்டதற்குக் கூலியாகத் தண்டனைக் குறைப்பையோ போதைப்பொருளையோ அவர்கள் பெற்றுக்கொள்ளலாம் என்பது 1975இல் அமெரிக்க செனட் விசாரணையில் வெளிவந்தது. எந்தப் பொருளிலிருந்து விடுபடுவதற்காக ஒருவர் அடைத்துவைக்கப்பட்டாரோ அதே பொருளைக் கூலியாகக் காட்டிப் பெற்ற சம்மதத்தைச் சம்மதம் என்று உங்களில் யாரும் இன்று ஏற்கமாட்டீர்கள். அன்றும் அதை ஏற்க நியாயமில்லை. மனிதர்மீதான ஆய்வுகளுக்குத் தன்விருப்பமான ஒப்புதலை முதல் விதியாக வைத்த நியூரம்பெர்க் நெறிமுறை 1947லேயே எழுதப்பட்டுவிட்டது.

இது பழங்கதை, நமக்கென்ன என்று நீங்கள் ஒதுங்கிவிட முடியாது. போதைப்பொருள் தரும் அக அனுபவத்தை அளக்க உதவும் ஏ.ஆர்.சி.ஐ. என்ற வினாப்பட்டியலை நீங்கள் அறிவீர்கள். அந்த எழுத்துகள் லெக்சிங்டன் மையத்தின் ஆங்கிலப் பெயரையே (அடிக்‌ஷன் ரிசர்ச் சென்டர்) தாங்கி நிற்கின்றன. அங்கிருந்த கைதிகளுக்கு மார்ஃபினும் ஆம்ஃபெட்டமினும் எல்.எஸ்.டி.யும் கொடுத்து, அவர்கள் சரி என்றும் தவறு என்றும் குறித்த விடைகளைத் தொகுத்தே அந்த அளவுகோல்கள் உருவாயின. அவற்றுள் ஒன்றின் பெயரே எல்.எஸ்.டி. அளவுகோல். உங்கள் துறையின் மறுமலர்ச்சியைத் தொடங்கிவைத்ததாக எல்லோரும் சுட்டும் 2006ஆம் ஆண்டு ஆய்விலும் 49 வினாக்கள் கொண்ட அதன் சுருக்க வடிவம் பயன்படுத்தப்பட்டது. அந்த மனிதர்களின் உடலிலிருந்து பெற்ற அறிவு இன்னும் உங்கள் மேசைமேல் இருக்கிறது.

ஹிப்பிகளின் எதிர்ப்பண்பாட்டு வரலாற்றுக்கும் இதற்கும் நேரடியான தொடர்பு உண்டு. அந்த எதிர்ப்பண்பாட்டின் முன்னோடிகளுள் ஒருவரான நாவலாசிரியர் கென் கீசி எல்.எஸ்.டி.யை முதலில் அறிந்தது, கலிஃபோர்னியாவில் மென்லோ பார்க்கின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில், சி.ஐ.ஏ. பணத்தில் நடந்த சோதனை ஒன்றில் கூலி பெற்றுக்கொண்டு பங்கேற்றபோதுதான். அவரால் அந்த மருத்துவமனையை விட்டு வெளியே நடந்துவர முடிந்தது. தான் கண்டதை நண்பர்களோடு பகிர்ந்துகொண்டு, ஒரு தலைமுறையின் இசையையும் கொண்டாட்டத்தையும் மாற்ற முடிந்தது. அதே நிறுவனத்தின் பணத்தில் அதே மருந்தைப் பெற்ற லெக்சிங்டன் கைதி சோதனை முடிந்ததும் சிறைவாசத்துக்கே திரும்பினார். முன்னவரைப் பற்றி அலமாரி நிறைய நூல்கள் இருக்கின்றன. பின்னவரைத் தேடிப் பிடிப்பதற்கே நூலின் அடிக்குறிப்புகளைத் துழாவ வேண்டியிருக்கிறது.

சி.ஐ.ஏ.வால் தமக்குத் தெரியாமல் எல்.எஸ்.டி. கொடுக்கப்பட்டு, சில நாட்களில் நியூயார்க் விடுதியின் சன்னலிலிருந்து விழுந்து இறந்த அமெரிக்க ராணுவ விஞ்ஞானி ஃபிராங்க் ஓல்சனின் குடும்பத்திடம், 1975இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஃபோர்டு நேரில் வருத்தம் தெரிவித்தார். மறு ஆண்டு நாடாளுமன்றம் 7,50,000 டாலர் வழங்கியது. மான்ட்ரியலில் சி.ஐ.ஏ. பணமும் பெற்ற மனநல மருத்துவர் யூவன் கேமரூனிடம் வதைபட்ட நோயாளிகளில் 77 பேருக்குக் கனடிய அரசு 1992இல் தலைக்கு 1,00,000 கனடிய டாலர் அளிக்க முன்வந்தது. அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் நடந்த அரசு ஆய்வில் மேகநோய்க்குச் சிகிச்சையின்றி விடப்பட்ட கறுப்பின ஆண்களிடம் 1997இல் குடியரசுத் தலைவர் கிளின்டன் மன்னிப்புக் கேட்டார். இந்த வரிசையில் லெக்சிங்டன் கைதிகள் இல்லை.

1993 முதல் 2017 வரை நடந்த 18 சைகடெலிக் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை 2018இல் வெளிவந்தது. அவற்றில் பங்கேற்ற 282 பேரில் 82 விழுக்காட்டினர் வெள்ளையர், 2.5 விழுக்காட்டினரே கறுப்பினத்தவர் என்று அது காட்டியது. ஒரு காலத்தில் கறுப்பினத்தவரைக் கொண்டே நடந்த சோதனை இன்று அவர்கள் இல்லாமல் நடக்கிறது. அவர்களுடைய நம்பிக்கையைப் பெறுவது கடினமாக இருக்கிறது என்று நீங்கள் எழுதுகிறீர்கள். அந்த அவநம்பிக்கைக்கு உங்கள் துறைக்குள்ளேயே ஒரு காரணம் இருப்பதை ஏன் முதலில் சொல்லக் கூடாது? மருத்துவ அறநெறி இதழ்களில் சிலர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஆனால் அறநெறிப் பக்கத்தில் எழுதப்படுவது ஆய்வு முறைகளை விளக்கும் பக்கத்துக்கு வந்து சேர்வதில்லை. பழைய கொடுமைகளைப் பேசினால் எதிர்ப்பாளர்களுக்கு வாய்ப்பாகிவிடும் என்று உங்களுள் சிலர் தயங்கக்கூடும். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் பிறர் தோண்டி எடுத்துச் சொல்வதைக் காட்டிலும் நீங்களே சொல்வதுதான் முறை.

ஆகவே ஏ.ஆர்.சி.ஐ. வினாப்பட்டியலைப் பயன்படுத்தும் ஒவ்வொரு கட்டுரையிலும், அது யாரைக் கொண்டு, எந்த நிலையில் உருவாக்கப்பட்டது என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். மாணவர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் நீங்கள் நடத்தும் பயிற்சியில் ஹாஃப்மனின் மிதிவண்டிக்கு ஒதுக்கும் நேரத்தை லெக்சிங்டனுக்கும் ஒதுக்குங்கள். 1976இல் கைதிகள்மீதான ஆய்வு நிறுத்தப்பட்ட பின் அந்த மையம் பால்டிமோருக்கு இடம்மாறி, இன்று தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனத்தின் பகுதியாக, ஹாப்கின்ஸ் மையம் இருக்கும் அதே பேவியூ வளாகத்தில்தான் இயங்கிவருகிறது. அந்த நிறுவனத்தோடு அமர்ந்து பேசி, எஞ்சியிருக்கும் லெக்சிங்டன் பதிவேடுகளைத் தேடி எடுத்து, அந்த மனிதர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விரும்பினால் பார்த்துக்கொள்ள வழிசெய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மருந்துகளின் வரலாற்றைப் படித்துவரும் ஒரு தமிழ் வாசகர்