கையெழுத்தே முடிவை மாற்றியது

ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தின் 2004 ஆளுநர் தேர்தலை நினைவுகூர்ந்த தங்கள் கட்டுரை, கையால் எண்ணியதால்தான் முடிவு மாறியது என்கிறது. அது பாதி உண்மையே. முதல் எண்ணிக்கையில் குடியரசுக் கட்சியின் டினோ ரோசி 261 வாக்குகள் முன்னிலை பெற்றார். இயந்திர மறு எண்ணிக்கையில் அது 42 ஆகச் சுருங்கியது. கையால் எண்ணியபோது ஜனநாயகக் கட்சியின் கிறிஸ்டின் கிரெகோர் முந்தினார். ஆனால் வெறும் 10 வாக்குகளில்! அதை 129 ஆக உயர்த்தியவை அம்மாநிலத்தின் கிங் கவுன்டி என்ற மாவட்டத்தில் தவறாக ஒதுக்கப்பட்டிருந்த தபால் வாக்கு உறைகள். முதலில் தெரியவந்தவை 573. உறையின் மேல் வாக்காளர் இடும் கையெழுத்து, அவரது பதிவிலுள்ள கையெழுத்தோடு பொருந்தினால்தான் வாக்கு எண்ணப்படும். அந்த வாக்காளர்களின் கையெழுத்து கணினிப் பதிவில் ஏறவில்லை; பழைய காகிதப் பதிவு அட்டையை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. மாநில உச்ச நீதிமன்றம் டிசம்பர் 22 அன்று அனுமதித்த பிறகே அவற்றைப் பரிசீலித்து எண்ண முடிந்தது.

உறைகளைச் சரிபார்ப்பவர்களுக்குத் தெரியும்: பதினெட்டு வயதில் முழுப் பெயரை எழுதியவர் நாற்பதில் இரண்டு எழுத்தும் ஒரு கோடுமாகச் சுருக்கிவிடுவார், வாத நோய் வந்த கையோ எழுத்தையே மாற்றிவிடும். இவர்களில் ஒருவரும் போலி வாக்காளர் அல்லர். ஆகவே கணினியில் பொருந்தாத உறையை வாக்காளர் பதிவுக்கான மூல விண்ணப்பத்தோடு ஒப்பிட்டு, வாக்காளருக்குக் கடிதமும் தொலைபேசி அழைப்பும் சென்ற பிறகே நிராகரிக்க வேண்டும். நூலிழை வெற்றிகளைப் பற்றி எழுதும்போது, நிராகரிக்கப்பட்ட தபால் வாக்குகளின் எண்ணிக்கையையும் காரணத்தையும் தாங்கள் சேர்த்தே வெளியிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர்