அடைப்பை எடுப்பவரும் அடைப்பைக் கண்டுபிடிப்பவரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், ஐந்து மாடித் தொடர்மாடியின் தரைத்தளத்தில் இருபது வருடங்களுக்கு மேலாக வசித்து வருகிறேன். கடந்த சித்திரைப் புத்தாண்டு கழிந்த சில நாட்களில் என் குசினி சிங்கில் மேல்வீட்டாரின் அரிசி கழுவிய தண்ணீர் எழத் தொடங்கியது. நான் ஒரு துளியும் ஊற்றாத வேளையில், துவாரத்திலிருந்து குமிழி விட்டுக்கொண்டு, வெண்மையாக, சில நாட்களில் கறிவேப்பிலையையும் சுமந்துகொண்டு அது மேலே வரும். அதைச் சரிப்படுத்த இரண்டு மாதங்கள் சென்றன. குழாய் வேலை செய்யும் நான்கு பாஸ்மார் வந்து போனார்கள். அந்த நால்வரின் வேலையையும் அருகில் நின்று பார்த்தவள் என்ற முறையில், கொழும்புத் தொடர்மாடிகளில் வாழும் ஏனைய வாசகர்களுக்கும் பயன்படக்கூடும் என்று எண்ணியே இதை எழுதுகிறேன்.

குசினி என்ற சொல்லைப் போர்த்துக்கேயர் தந்தார்கள். பாஸ் என்ற சொல்லை ஒல்லாந்தர் தந்தார்கள். பைப்பை ஆங்கிலேயர் தந்தார்கள். அடைப்பு மட்டும் முழுக்க முழுக்க நம்முடைய சொல், நம்முடைய வேலையும் கூட.

முதலாவதாக வந்தவர் கையோடு கொண்டுவந்த எரிசோடாவை (கோஸ்டிக் சோடா) சிங்கில் கொட்டி, அதன்மேல் கொதிநீரை ஊற்றினார். தண்ணீர் இறங்கியது, அவர் காசை வாங்கிக்கொண்டு போனார், ஒன்பதாம் நாள் தண்ணீர் மீண்டும் ஏறியது. இரண்டாமவர் அமிலப் போத்தலுடன் வந்தார். பாடசாலையில் நெடுங்காலம் இரசாயனம் கற்பித்தவள் ஆகையால் அவரை வாசலிலேயே மறித்தேன். எரிசோடா கிடந்த குழாயில் அமிலத்தை ஊற்றினால் கடும் வெப்பம் எழுந்து, ஊற்றியவரின் முகத்திலேயே கலவை தெறிக்கலாம். மலசலகூடம் கழுவும் அமிலமும் வெளிற்றும் திரவமும் ஒரே குழாயில் சந்தித்தால் குளோரீன் வாயு வெளிவரும், காற்றோட்டமில்லாத சிறு குளியலறையில் அது உயிருக்கே ஆபத்தாகலாம். எரிசோடாவும் கொதிநீரும் சேர்ந்து எழுப்பும் சூடு சாதாரண பிவிசி குழாய்க்கும் நல்லதல்ல, ஏனெனில் 80 பாகை செல்சியசை நெருங்கும்போதே அது இளகத் தொடங்கிவிடும். மூன்றாமவர் பொறுமைசாலி. நீண்ட ஸ்பிரிங் கம்பியைச் சிங்கின் வழியாக இறக்கி, ஒரு மணித்தியாலம் சுழற்றி, சாம்பல் நிறத்தில் மெழுகுபோன்ற கட்டியொன்றை வெளியே எடுத்துக் காட்டினார். அந்தக் கட்டியைக் கண்டதும் பிரச்சினை தீர்ந்தது என்றே நானும் நம்பினேன். பதினேழு நாட்கள் நிம்மதியாக இருந்தேன்.

இந்த மூவரில் எவரும் ஏமாற்றுக்காரர் அல்லர் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அடைப்பை எடுக்கவே நான் அழைத்தேன், எடுத்தார்கள். அது ஏன் அடைத்தது என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

நான்காவது பாஸ் சிங்கைத் தொடவே இல்லை. குசினியில் மட்டும்தான் ஏறுகிறதா, குளியலறைத் தரையிலும் நிற்கிறதா, மேல்வீட்டில் எந்த நேரத்தில் தண்ணீர் புழங்கும்போது ஏறுகிறது, கடைசியாக யார் வீட்டில் கட்டட வேலை நடந்தது என்று கேள்விகளாகவே கேட்டுக்கொண்டிருந்தார். பின்பு வாசலுக்குப் போய், வீதிக் குழாயில் சேர்வதற்கு முன்னுள்ள கடைசி மேன்ஹோலின் மூடியைக் கிளப்பினார். அந்தக் குழி நிரம்பியிருந்தால் குற்றம் வீதிப் பக்கம், அதை மாநகர சபைக்கு அறிவிக்க வேண்டும். இங்கே தண்ணீர் ஏறி நிற்கும்போது அந்தக் குழி காய்ந்திருந்தால் குற்றம் இரண்டுக்கும் இடையில், அதாவது எங்கள் எல்லைக்குள். குழி காய்ந்து கிடந்தது. கேட்கும்போது எவ்வளவு எளிமையாகத் தோன்றினாலும், முந்தைய மூவரும் இந்த ஒரு மூடியைத் திறந்திருந்தால் எனக்கு ஆறு கிழமைகள் மிஞ்சியிருக்கும்.

ஐந்து மாடிக் குசினிகளின் கழிவுநீரும் ஒரே நிமிர்ந்த குழாயில் இறங்கி, வாகனத் தரிப்பிடத்தின் தரைக்குள் திரும்பி, மேன்ஹோலை நோக்கிப் படுக்கையாகச் செல்கிறது. அந்தத் திருப்பத்தில், குழாயைத் திறந்து துப்புரவாக்குவதற்கென்று இருக்க வேண்டிய துப்புரவு வாயின் மூடியை, சில வருடங்களுக்கு முன்பு தரைக்குப் புதிதாகச் சீமெந்து பூசியபோது அழகுக்காக மூடிவிட்டிருந்தார்கள். தட்டிப் பார்த்து, அளந்து, ஓரிடத்தை மட்டும் உடைத்தார். வளைவின் அடியில் உள்ளங்கைப் பருமனுக்குச் சீமெந்து கல்லாகி உட்கார்ந்திருந்தது. அதன்மேல் படை படையாகக் கொழுப்பு. நான்காம் மாடியில் குளியலறைக்கு டைல்ஸ் பதித்தபோது, வேலையாட்கள் சீமெந்துச் சட்டிகளையும் கரண்டிகளையும் குசினி சிங்கிலேயே கழுவியிருக்கிறார்கள். மூன்றாமவரின் ஸ்பிரிங் கொழுப்பில் ஒரு துளையை மட்டுமே போட்டிருந்தது. சீமெந்தை அமிலம் அரிக்குமல்லவா, இரண்டாமவரை ஏன் மறித்தேன் என்று நானே பின்னர் யோசித்துப் பார்த்தேன். கொழுப்பு போர்த்திய சீமெந்தை அமிலம் எட்டாது. எட்டியிருந்தாலும், நிற்கும் தண்ணீரில் கரைந்து பலவீனப்பட்டே எட்டியிருக்கும். ஆகவே மறித்தது சரிதான்.

கொழுப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் தேங்காய்ப்பால் இல்லாமல் சமைக்கத் தெரியாத ஊர் நம்முடையது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசில் உறையும்; கொழும்பு வெயிலில் போத்தலிலுள்ள எண்ணெய் எப்போதும் திரவமாகவே இருப்பதால், குழாயிலும் அது ஓடிவிடும் என்று நினைக்கிறோம். குழாய்க்குள் நடப்பது வேறு. எண்ணெயும் தேங்காய்ப்பாலின் கொழுப்பும் மெல்லச் சிதைந்து கொழுப்பமிலங்களாகி, தண்ணீரிலும் சீமெந்திலும் உள்ள கல்சியத்துடன் சேர்ந்து, கரையாத ஒருவகைச் சவர்க்காரமாகச் சுவரில் படிகின்றன. மூன்றாமவர் எடுத்துக் காட்டிய சாம்பல் நிறக் கட்டி அதுதான். அரிசிக் கழுநீரின் மாவும் தேங்காய்ப்பூச் சக்கையும் தேயிலைத் தூளும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. கொதிநீர் ஊற்றினால் கொழுப்பு இளகி நம் வீட்டுக் குழாயைத் தாண்டும், உண்மைதான். தாண்டிப் போய்க் குளிர்ந்த இடத்தில், பெரும்பாலும் அடுத்த வீட்டுக்காரரின் பங்கில், மறுபடி படியும். பொரித்த எண்ணெயைப் பழைய போத்தலில் சேர்த்துக் குப்பையோடு கொடுப்பதும், கறிச்சட்டியைக் கழுவுமுன் கடதாசியால் ஒருதரம் துடைப்பதும், சிங்கின் வாயில் சிறு வலைத்தட்டு வைப்பதும் ஒரு பாஸை அழைக்கும் செலவில் பத்திலொரு பங்குகூட ஆகாதவை. பல வீடுகள் ஒரே குழாயைப் பகிரும் இடங்களில் கழிவுநீரிலுள்ள கொழுப்பைத் தடுத்து நிறுத்தும் கொழுப்புப் பொறிக் குழியொன்று கட்டாயம் வேண்டும். அதைக் கட்டிவிட்டு வழித்துத் துப்புரவாக்காமல் விடுவதற்குக் கட்டாமலே இருக்கலாம்.

அடைப்பே இல்லாமல் நாற்றம் மட்டும் வருவதாகச் சொல்பவர்களும் உண்டு. ஒவ்வொரு சிங்கின் கீழும் குளியலறைத் தரைத் துவாரத்திலும் உள்ள வளைவில் எப்போதும் சிறிது தண்ணீர் நிற்க வேண்டும். கீழேயுள்ள வாயுவையும் கரப்பானையும் வீட்டுக்குள் வரவிடாமல் காப்பது அந்தத் தண்ணீர்தான். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் உரிமையாளர் கனடாவிலோ லண்டனிலோ இருக்க, பூட்டியே கிடக்கும் வீடுகள் எத்தனையோ. அவற்றில் அந்தத் தண்ணீர் ஆவியாகிவிட, நாற்றம் வெளிநடை வரை வருகிறது. சாவி வைத்திருப்பவர் இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும். ஆள் புழங்கும் வீட்டிலேயே அந்தத் தண்ணீர் உறிஞ்சப்பட்டு 'களக்' என்று சத்தம் கேட்டால், கழிவுக் குழாய்க்குள் காற்றை விடும் காற்றுக் குழாய் இல்லை அல்லது அடைபட்டிருக்கிறது என்று பொருள். அது தேர்ச்சி பெற்றவர் பார்க்க வேண்டிய வேலை.

தண்ணீர் பில் காரணமின்றி ஏறினால், இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீற்றரின் சிறு சக்கரத்தைப் பாருங்கள். அது சுழன்றால் எங்கோ கசிகிறது. பெரும்பாலும் கமோட்டின் தண்ணீர்த் தாங்கிதான் குற்றவாளி. அதில் சிறிது சாப்பாட்டு நிறத்தைக் கலந்து, அரைமணி நேரம் தண்ணீர் அடிக்காமல் விட்டால், கோப்பைக்குள் நிறம் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். இதற்கு எவரையும் அழைக்கத் தேவையில்லை.

எவரிடம் முறையிடுவது என்பதிலும் குழப்பம் உண்டு. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பெயரிலேயே வடிகாலமைப்பு இருப்பதால், எங்கள் ஒழுங்கையில் மேன்ஹோல் பொங்கினாலும் அயலவர்கள் அதன் 1939 என்ற தொலைபேசி இலக்கத்துக்கே அழைக்கிறார்கள். குடிநீர் பற்றிய முறைப்பாட்டுக்கு அது சரி. ஆனால் கொழும்பு மாநகர எல்லைக்குள் கழிவுநீர்க் குழாய்களைப் பராமரிப்பது மாநகர சபை. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் இட்ட அந்த அமைப்பு, நகரின் கழிவுநீரை வடகொழும்பிலுள்ள முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் உள்ள வெளியேற்றுக் குழாய்கள் வழியாகக் கடலுக்குள் கொண்டுசெல்கிறது. அது மழைநீருக்கான குழாயன்று. ஒற்றை வீடுகள் இருந்த காணிகளில் மாடிகள் எழுந்ததை என் கண்முன்னே பார்த்தேன். கூரைத் தண்ணீரைக் கழிவுநீர்க் குழாயில் திருப்பிவிட்ட கட்டடங்களையும் பார்த்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரைத்தள வீடுகளின் கமோட்டுகள் பொங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். இதைச் செய்தவர்கள் மேல்மாடியில் உலர்ந்த காலோடு இருப்பார்கள்.

இனிப் பணம். பொதுக் குழாயைப் பழுதுபார்க்கும் செலவை யார் கொடுப்பது என்று எங்கள் தொடர்மாடியில் மூன்று கூட்டங்கள் நடந்தன. தண்ணீர் ஏறுவது உங்கள் வீட்டில்தானே என்றார் ஒருவர். 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க மாடிவீட்டு உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பதிவான கட்டடங்களில், பல வீடுகளுக்குப் பொதுவான குழாய்கள் பொது உடைமையாகும். அவற்றைப் பேணுவது உரிமையாளர்கள் அனைவரும் அடங்கிய முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் கடமை. இதை எடுத்துச் சொன்ன பிறகே பணம் சேர்ந்தது. நான்காம் மாடிக்காரர் தம் பங்குக்கு மேலாகவும் ஒரு தொகையைச் சத்தமில்லாமல் கொடுத்தார் என்பதையும் நியாயத்துக்காகக் குறிப்பிட வேண்டும்.

அந்தப் பணத்தில் நான்காவது பாஸ் செய்த வேலை இதுதான். செங்குத்தான ஒரே வளைவை அகற்றி, அந்த இடத்தில் 45 பாகை வளைவுகள் இரண்டை வைத்தார். படுக்கைக் குழாய்க்கு நாற்பது அடிக்கு ஓரடி என்ற சரிவைக் கொடுத்தார். தரை மட்டத்தில் திறக்கக்கூடிய மூடியொன்றை வைத்தார். என் சிங்கைப் பொதுக் குழாயிலிருந்து பிரித்து, தனிக் குழாயால் நேரே மேன்ஹோலுக்குக் கொண்டுபோனார். தரைத்தள வீட்டை ஒருபோதும் நிமிர்ந்த குழாயின் அடியில் இணைக்கக் கூடாது, மேலே எது அடைத்தாலும் முதலில் வாய் திறப்பது அதுதான் என்றார். மேன்ஹோலின் மூடியைத் திறந்துவிட்டு நெடுநேரம் ஒதுங்கி நின்றதோடு, உதவிக்கு வந்த பையனை உள்ளே இறங்கவும் விடவில்லை. அங்கே தேங்கும் ஐதரசன் சல்பைட்டு, அதிகமாக இருக்கும்போது மணக்கும் சக்தியையே மரத்துப்போகச் செய்துவிடும் என்பதை வகுப்பில் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அதை அறிந்து நடந்த ஒருவரை அன்றுதான் நேரில் கண்டேன்.

அவரிடம் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் இருந்தது. அனுபவத்தால் மட்டும் தொழில் பழகியவர்களும், திறனைப் பரீட்சித்து அதே சான்றிதழைப் பெற வழி உண்டு. சான்றிதழ் இல்லாதவர் எல்லாம் வேலை தெரியாதவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அழைக்கும்போதே அதைக் கேட்பதும், வேலை தொடங்குமுன் காரணம் என்னவென்று கேட்பதும், அந்தக் காரணத்தைப் பில்லில் எழுதித் தரச் சொல்வதும் நம் கையில் இருக்கின்றன. தேடிப் பார்ப்பதற்கென்று தனியாகக் கூலி கேட்பவரைப் பேராசைக்காரர் என்று நாம் திருப்பி அனுப்புகிறோம். நான் முதல் மூவருக்கும் கொடுத்த மொத்தத் தொகை, நான்காமவர் தேடியதற்குக் கேட்ட கூலியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்.

மாநகர சபையிடம் ஒரு வேண்டுகோள். கழிவுநீர் முறைப்பாட்டை எங்கே, எப்படிச் செய்வது, வீதிக் குழாய் எங்கே முடிந்து வீட்டுக் குழாய் எங்கே தொடங்குகிறது, மழைநீரை ஏன் அதில் விடக் கூடாது என்பவற்றைத் தமிழிலும் ஒரே தாளில் அச்சிட்டு, வரிப்பணச் சீட்டோடு அனுப்ப வேண்டும். தகைமை பெற்ற பிளம்பர்களின் பட்டியலொன்றை வட்டார ரீதியாக வைத்திருந்தால் இன்னும் நல்லது.

எங்கள் கட்டடத்தின் குழாய் வரைபடம் எவரிடமும் இருக்கவில்லை. நான்காவது பாஸ் வேலை முடிந்த அன்று பிஸ்கட் பெட்டி அட்டையொன்றில் அதை வரைந்து, மூடி இருக்கும் இடத்துக்குச் சுவரிலிருந்து எத்தனை அடி என்றும் குறித்துத் தந்தார். அதை மீற்றர் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டியிருக்கிறோம். அடுத்த மாதம் இரண்டாம் மாடியில் டைல்ஸ் வேலை தொடங்கவிருக்கிறது. சீமெந்துச் சட்டி கழுவுவதற்கென்று வாசலில் ஒரு வாளி வைத்தாயிற்று.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 6.