வெறும் முகத்துக்குத் துணிச்சல் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒப்பனையின்றி வெளியே செல்லப் பெண்கள் மனத்துணிவை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று தங்கள் மகளிர் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். முகப்பருவை மறைக்காமலே 2015-இல் மலையாளத் திரையில் அறிமுகமாகி, பின்னர் 2019-இல் சிவப்பழகு கிரீம் விளம்பரம் ஒன்றில் நடிக்க மறுத்ததை வெளிப்படையாகச் சொன்ன நடிகை சாய் பல்லவியை அதில் எடுத்துக்காட்டியிருந்தீர்கள். அவரை எனக்கும் பிடிக்கும். ஆயினும் குறை முழுவதும் பெண்ணின் மனத்தில்தான் இருக்கிறது என்பதுபோல் கட்டுரை அமைந்திருந்ததால், நான் கண்டதையும் எழுதலாமென்று தோன்றியது.

மலேசியாவின் பினாங்கில் உள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில், மின்னணுச் சில்லுகள் தயாராகும் தூய்மை அறையில் 22 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். 1972-இல் தடையற்ற வாணிப வட்டாரமாகத் தொடங்கி, நம் பெண்கள் எத்தனையோ பேருக்கு முதல் சம்பளம் கொடுத்த இடம் அது. அந்த அறைக்குள் ஒப்பனைக்கு அறவே அனுமதி இல்லை. ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரானோ (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்கு மேலோ உள்ள துகள்கள் 3,520-ஐத் தாண்டக் கூடாது என்பது அங்குள்ள அளவு. கன்னத்திலிருந்து உதிரும் பவுடர் சில்லுகள் உருவாகும் மெல்லிய தட்டான ஒரு வேஃபரையே கெடுத்துவிடும். முதல் நாள், புது வேலை ஆயிற்றே என்று பவுடரும் மையுமாகப் போய் நின்ற என்னை லைன் லீடர் அக்கா கையைப் பிடித்து அழைத்துப் போய், சோப்புப் போட்டு இரண்டு முறை முகம் கழுவ வைத்தார். அம்மா காலையில் பூசி அனுப்பிய திருநீறும் அதோடு போயிற்று. அன்று வெள்ளிக்கிழமை வேறு. பவுடர் போனதைவிட அதுதான் எனக்கு உறுத்தியது.

ஒரு மாதத்திற்குள் வெறும் முகம் பழகிவிட்டது. எனக்குத் தன்னம்பிக்கை பெருகியது என்று சொல்ல மாட்டேன். மேலாளர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை அந்தக் கதவுக்கு உள்ளே யார் முகத்திலும் பூச்சு இல்லாததால், யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

சிஃப்ட் முடிந்ததும் அதே பெண்கள் என்ன செய்கிறோம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். லாக்கர் அறையில் இருப்பது ஒரே ஒரு நீளக் கண்ணாடி. இரவெல்லாம் விழித்துக் கண் சிவந்திருக்கும் அந்த வேளையிலும், கம்பெனி பேருந்து வருவதற்கு முன் கிடைக்கும் பத்து நிமிடத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு அதன் முன் நிற்போம். யாரோ ஒருத்தியின் காம்பேக்ட் பவுடர் நாலு கை மாறும். 12 மணி நேரம் கூச்சமின்றி உழைத்த முகத்துக்குப் பேருந்துப் படியில் ஏறும்போது கூச்சம் வந்துவிடுகிறது. ஏனெனில், "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்ற கேள்வி அடுக்குமாடி மின்தூக்கி வாசலிலேயே காத்திருக்கும். என் கணவரும் இரவு வேலை பார்ப்பவர்தான். அவரை இன்றுவரை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை.

என் மகளின் பாடு இதைவிடக் கடினம். ஜார்ஜ்டவுனில் ஒரு கடையின் வரவேற்பு மேசையில் சேர்ந்த இரண்டாம் வாரமே, "முகம் டல்லா இருக்கு, நாளையிலிருந்து லிப்ஸ்டிக் போட்டுட்டு வாங்க" என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். நியமனக் கடிதத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. வேலை தொடங்குவது 9 மணிக்கு. அவள் கண்ணாடி முன் உட்காருவது 7 மணிக்கு. பவுண்டேஷன் முதல் லிப்ஸ்டிக் வரை எல்லாம் அவள் சம்பளத்தில்தான் வாங்குகிறாள். அவளிடம் போய், துணிச்சலாக இரு என்று எந்த வாயால் சொல்வது?

பூச்சோடு நின்றாலாவது பரவாயில்லை. கழுவியதும் தெரியும் சொந்த நிறமே பிடிக்காமல் போய், பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையிலும் இணையத்திலும் மலிவாகக் கிடைக்கும் வெளுப்பு கிரீமுக்குத் தாவுகிறார்கள் சிலர். பாதரசமும், தோலை வெளுக்கச் செய்யும் ஹைட்ரோகுயினோன் என்ற வேதிப்பொருளும் கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு அவ்வப்போது பெயர் குறிப்பிட்டு எச்சரிக்கும் ரகங்களும் அவற்றில் உண்டு. பாதரசம் சிறுநீரகத்தையே பாதிக்கக்கூடியது.

ஒப்பனைக்கு நான் எதிரியல்ல. தீபாவளியன்று மை தீட்டாமல் வாசல் தாண்டியதில்லை. ஆனால், பிரிட்டனின் வெர்ஜின் அட்லாண்டிக் விமான நிறுவனம், பெண் சிப்பந்திகள் ஒப்பனை செய்தே ஆக வேண்டும் என்ற விதியை 2019 மார்ச்சில் நீக்கியபோது, வேண்டுவோர் போட்டுக்கொள்ளலாம், வேண்டாதோர் விட்டுவிடலாம் என்றாயிற்று; அதற்காக எவரும் வீராங்கனையாக வேண்டியிருக்கவில்லை. இங்குள்ள கடை, ஹோட்டல், கிளினிக் முதலாளிகளும், நம்மவர் உட்பட, ஒப்பனை கட்டாயமா இல்லையா என்பதை நியமனக் கடிதத்திலேயே எழுதட்டும்; கட்டாயமென்றால் அதற்கான செலவையும் சேர்த்துக் கொடுக்கட்டும். அடுத்த முறை மகளிர் பக்கத்தில் இதைப் பற்றி எழுதும்போது, அந்த முதலாளிகளிடமும் நாலு கேள்வி கேட்டு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தூய்மை அறைத் தொழிலாளி ஒருவர்,
பாயான் லெப்பாஸ், பினாங்கு.